நேராகத்தான் சொன்னேன்

எங்கள் தெருமுனையில் ஒரு வேகத்தடை இருக்கிறது. யார் போட்டது, எதற்காகப் போட்டது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. அதில் ஏறி இறங்குகிற வண்டிக்காரர்கள் எல்லோரும் ஒருமுறை வாய்விட்டுத் திட்டிவிட்டுத்தான் போவார்கள். என் ஃப்ளெக்ஸ் கடை அதற்கு நேர் எதிரில். ஒருநாள் டீ குடிக்க வந்த இலியாஸ், நடுரோட்டில் குப்புறப் படுத்து அந்த வேகத்தடையைப் போட்டோ எடுத்தான். எங்கள் ஊர்க் கோட்டை மலைகளான ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மூன்றின் படத்தையும் வரிசையாக வைத்து, கடைசியில் இதை வைக்கச் சொன்னான். கீழே, "செஞ்சியின் நான்காவது மலை. அனுமதி இலவசம்" என்று எழுதச் சொன்னான். நான் எழுதினேன். அன்று மாலைக்குள் ஊரில் பாதிப் பேர் போனில் அந்தப் படம் இருந்தது. எங்கள் மீம் பேஜ் பிறந்தது அப்படித்தான்.

இன்ஸ்பெக்டர் மேடம், வாயால் சொல்லும்போது என் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு இருப்பதாகச் சொன்னீர்கள். என் முகவாகு அது. அதனால்தான் எழுதித் தருகிறேன் என்றேன். எழுத்துக்கு உதடு கிடையாது.

உங்கள் கேள்விகள் இரண்டு. இலியாஸ் சந்திரகிரிப் பாறை இடுக்கில் எப்படி விழுந்தான் என்பது ஒன்று. உயிரோடு கிடந்தவனைத் தூக்க ஏன் ஒருவரும் போகவில்லை என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குப் பதில் சின்னது. இரண்டாவதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். எங்கள் ஊர் எப்படியெல்லாம் சிரித்துப் பழகியது என்று தெரியாவிட்டால் அது விளங்காது.

முதலில் சிரிப்பு சுலபமாக இருந்தது. ஒரு சினிமா நகைச்சுவை நடிகரின் முழித்த முகம், கீழே ஒரு வரி, அவ்வளவுதான். கரன்ட் போனால் ஒரு முகம், பஸ் வராவிட்டால் ஒரு முகம். டீக்கடைப் பெரியவர்களும் டியூஷன் பிள்ளைகளும் ஒரே இடத்தில் சிரித்தார்கள். என் நைனாகூடச் சிரித்திருக்கிறார். நெல் கமிட்டியில் மூட்டை தூக்கியவர் அவர். சாயங்காலம் கடைக்கு வந்து, தோள் துண்டை உதறிப் போட்டுவிட்டு, "இன்னிக்கு இன்னா போட்டீங்க, காட்டு" என்பார்.

எல்லோரும் சிரிக்கிற சிரிப்பு சீக்கிரம் புளித்துவிடுகிறது. இலியாஸுக்குத்தான் அது முதலில் தெரிந்தது. அவனுக்கு மொபைல் ரிப்பேர் கடை. ஊரார் போனெல்லாம் அவன் கைக்கு வந்து போகும் என்பதால், யார் எதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பது அவனுக்கு அத்துப்படி. "இனிமே திட்ட வேணாம்டா சேகரு, பாராட்டுவோம்" என்றான். அந்த வேகத்தடைக்கு நன்றி தெரிவித்து ஒரு பதிவு போட்டோம். அதில் ஏறி இறங்கியதில் எங்கள் முதுகுவலி தீர்ந்துவிட்டது, தெருவுக்கு இரண்டு போட வேண்டும் என்று கேட்டுக்கொண்டோம். பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர், "உனக்கெல்லாம் அறிவு இருக்குதா, எங்கம்மா விழுந்து பல்லு போச்சி" என்று சண்டைக்கு வந்தார்கள். அந்தச் சண்டையைப் பார்த்து, முதலில் சிரித்த பாதிப் பேர் இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். ஜோக்கைவிட, ஜோக் புரியாத ஆள்தான் பெரிய தமாஷ் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

பிறகு கொஞ்ச காலம் அர்த்தமே இல்லாமல் போட்டோம். ஓடாத மின்விசிறியின் மங்கலான படம், அதன்மேல் "வியாழக்கிழமை" என்று கோணல்மாணலாக ஒரு எழுத்து. எதற்கு என்று கேட்கக் கூடாது. கேட்டவன் பழைய ஆள். என் தொழிலே எழுத்தை நேராக வைப்பது. அதை வேண்டுமென்றே கோணலாக்கிக் கொடுப்பதற்கு முதலில் கை கூசியது, பிறகு பழகிவிட்டது.

கடைசியாக வந்ததுதான் "காணவில்லை". அதுவும் இலியாஸின் மூளைதான். முதலில் ஒரு பரோட்டாக் கடை சால்னாவில் கறித்துண்டு காணவில்லை என்று போட்டோம், காணாமல் போன பிள்ளைக்குப் போடுகிற நோட்டீஸ் மாதிரியே, அடையாளமெல்லாம் எழுதி. அது ஓடியது. அதிலிருந்த தமாஷைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கச் சொன்னான் இலியாஸ். எடுக்க எடுக்க இன்னும் நன்றாக ஓடியது. ஒரு கட்டத்தில் அவன் படத்தையே வைத்து, "காணவில்லை. பெயர் இலியாஸ். நீலச் சட்டை. கண்டவர்கள் தகவல் தரவும்" என்று மட்டும் போட்டோம். அதில் சிரிக்க ஒரு எழுத்து கிடையாது. வயிறு வலிக்கிறது, மூச்சு முட்டுகிறது என்று நூற்றுக்கணக்கில் எழுதினார்கள். அப்புறம் அவனை லாரியில் அடிபட வைத்தோம், பாம்பு கடிக்க வைத்தோம். எவ்வளவு நேராகச் சொல்கிறோமோ அவ்வளவு சிரித்தார்கள். எங்கள் பேஜில் இருந்தவர்கள் ஊர் ஜனத்தொகையைவிட அதிகம் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சமயத்தில்தான் நைனா இறந்தார்.

மூட்டையை இறக்கிவிட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து உடம்பு வந்து சேருவதற்குள் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் ஏறியிருக்க வேண்டும். எத்தனையோ வீட்டுக்கு நான் அடித்துக் கொடுத்திருக்கிறேன். இரண்டு புறமும் குத்துவிளக்கு, மேலே வெள்ளைப் புறா, மூலையில் கண்ணீர் சொட்டும் இரண்டு கண்கள். என் நைனாவுக்கும் நானே உட்கார்ந்து அடித்தேன். அவர் சிரித்த படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. என் கடைத் திறப்பு விழாவில் எடுத்தது, வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு பல் தெரியச் சிரிப்பார். அதையே வைத்தேன். ஊருக்குத் தெரியட்டும் என்று பேஜிலும் போட்டேன்.

என் தப்பு அது. எனக்கு ஊர் என்றால் அந்தப் பேஜ்தான் என்று ஆகிப்போயிருந்தது.

முதல் சிரிப்பு இலியாஸுடையது. அவன் அன்றைக்கு ஸ்பேர் பார்ட்ஸ் வாங்க மெட்ராஸ் போயிருந்தான். "எழுத்து வெச்ச அழகுக்கே உசிர விடலாம்டா" என்று எழுதி, பக்கத்தில் கண்ணில் நீர் வரச் சிரிக்கும் முகத்தை வைத்திருந்தான். அப்புறம் மடை திறந்த மாதிரி வந்தார்கள். "இது ஜோக் இல்லை, எங்க நைனா நெஜமாவே இறந்துட்டார்" என்று கீழே எழுதினேன். அதற்குத்தான் அதிகச் சிரிப்பு. பந்தலில் பறை அடிக்க ஆரம்பித்த பிறகும் என் சட்டைப் பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வந்த இலியாஸ் பந்தலைப் பார்த்துவிட்டு ரோட்டிலேயே நின்றுவிட்டான். பிறகு வந்து என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். "தெரியாதுடா, சத்தியமா தெரியாதுடா" என்றான். "பரவால்ல, எந்திரு" என்றேன். நைனாவின் பாடைக்கு அவனும் தோள் கொடுத்தான். இதையெல்லாம் நான் மறைக்கவில்லை. அவனுக்குச் சாதகமான விஷயங்களையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

அந்தப் படம் அதோடு நிற்கவில்லை. எங்கிருந்தோ பிள்ளைகள் எடுத்து, நைனாவின் சிரிப்பை மட்டும் வைத்துக்கொண்டு பெயரை மாற்றினார்கள். கண்ணீர் அஞ்சலி, எங்கள் அரியர் பேப்பர். கண்ணீர் அஞ்சலி, என் பைக் பெட்ரோல். முன்பின் தெரியாத ஊர்ப் பிள்ளைகள் நெற்றியில் கையை வைத்து என் நைனா மாதிரியே பல்லைக் காட்டி வீடியோ எடுத்தார்கள். எனக்கு ஆத்திரமாக இருந்தது. மூலப் பதிவை எடுத்துவிடலாம் என்று இலியாஸ்தான் சொன்னான். வேண்டாம் என்றது நான். அந்த மாதம் பேஜில் சேர்ந்தவர்கள் அதுவரை சேர்ந்தவர்களைவிட அதிகம். போட்டதை எடுத்தால் பயந்துவிட்டோம் என்று இன்னும் ஆடுவார்கள் என்று காரணம் சொன்னேன். அது உண்மையும்கூட.

இப்போது சந்திரகிரிக்கு வருகிறேன்.

கத்திரி வெயில் தொடங்கியிருந்தது. இலியாஸ் ஒரு மத்தியானம் கடைக்கு வந்து, பேஜை மூடிவிடலாம் என்றான். கடைசியாக ஒரு வீடியோ எடுத்துப் போட்டுவிட்டு மூடலாம் என்றான். "இத்தினி நாளு சுத்திச் சுத்திப் பேசினோம்ல, ஒருநாளு நேராப் பேசிட்டு முடிச்சிரலாம்டா." ராஜகிரியில் டூரிஸ்ட் கூட்டம் இருக்கும் என்று சந்திரகிரிக்குப் போனோம். அங்கே யாரும் வருவதில்லை. முள்ளும் பாறையும்தான். ஏறி முடிக்கும்போது சட்டை நனைந்துவிட்டது. ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுபோயிருந்தோம், அதில் பாதி காலி.

அவன் ஒரு பாறைமேல் நின்றுகொண்டான். நான் என் போனில் எடுத்தேன். அந்த வீடியோவை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். "சேகரோட நைனா படத்த வெச்சி சிரிச்சது தப்பு. மொதல்ல சிரிச்சவன் நான்தான். அவரு கையால நான் பொரி வாங்கித் தின்னுருக்கேன்" என்று அவன் தொடங்கியதும் நான் அவன் இடது புருவத்தைத்தான் பார்த்தேன். இலியாஸை எனக்குப் பத்தாம் வகுப்பிலிருந்து தெரியும். பெரிய ஜோக் ஒன்றைச் சொல்வதற்கு முன் அவன் இடது புருவம் ஒரு நூலளவு ஏறும். மற்றவர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அன்றைக்கு ஏறியதா இல்லையா என்று நான் எத்தனையோ தடவை அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை ஏறியது போலவும், மறு தடவை வெயிலுக்குச் சுளித்தது போலவும் இருக்கிறது. மன்னிப்புக் கேட்கிறானா, மன்னிப்புக் கேட்பது போல ஒரு பதிவு போடுகிறானா என்று அவன் உயிர்ச் சிநேகிதனான எனக்கே தெரியவில்லை. எங்களை நாங்களே அந்த இடத்துக்குக் கொண்டுவந்திருந்தோம்.

வீடியோவில் என் குரல் கேட்கிறது. இன்னும் கொஞ்சம் பின்னால் போகச் சொல்கிறேன். ராஜகிரி உச்சி படத்துக்குள் வரவேண்டும் என்பதற்காகச் சொன்னது. அதில் உள்நோக்கம் எதுவும் இல்லை. உள்நோக்கம் பிறகுதான் வந்தது.

அவன் பின்னால் கால் வைத்த இடத்தில் பாறை இல்லை. இரண்டு பெரிய பாறைகளுக்கு நடுவே, இரண்டு ஆள் ஆழத்தில் போய் விழுந்தான். எட்டிப் பார்த்தேன். இடது கால் முட்டிக்குக் கீழே வேறு பக்கம் திரும்பியிருந்தது. நெற்றியில் ரத்தம். அவன் போன் உடைந்து கிடந்தது. மயக்கமில்லை, பேசினான். நான் பாட்டிலைக் கீழே போட்டேன். அது அவன் கைக்கு எட்டாத இடுக்கில் போய் மாட்டிக்கொண்டது. என் குறி எப்போதுமே மோசம்.

"நான் மட்டும் எறங்கித் தூக்க முடியாதுடா, கீழ போயி ஆளக் கூட்டியாறேன்" என்றேன். அப்போதும் ஆளைக் கூட்டி வரும் எண்ணத்தில்தான் இருந்தேன். வலியோடு பல்லைக் கடித்துக்கொண்டு அவன் சிரித்தான். "சீக்கிரம் வாடா. பேஜ்ல கீஜ்ல போட்டுத் தொலைக்காத. ஒருத்தனும் வரமாட்டான்" என்றான்.

மேடம், அதைச் சொன்னது அவன். எனக்கு அது தோன்றியிருக்காது.

கீழே இறங்கியதும் சிக்னல் கிடைத்தது. நூற்றெட்டுக்கு அடித்திருக்கலாமே என்று கேட்டீர்கள். அடித்திருக்கலாம். அந்த எண்ணை அழுத்தவும் செய்தேன், கூப்பிடும் பட்டனை மட்டும் தொடவில்லை. ஒரு வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்தேன். என் நைனா செத்தபோது நான் உண்மையைச் சொன்னேன், ஊர் சிரித்தது. இப்போதும் உண்மையைச் சொன்னால் என்ன செய்வார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. ஒருவராவது நேர்ச்சொல்லை நேர்ச்சொல்லாக எடுத்துக்கொள்ள மாட்டாரா என்று இருந்தது. அது பழிவாங்கல் என்று நீங்கள் எழுதிக்கொண்டால் நான் மறுக்கவில்லை. ஆனால் எனக்கு அது ஒரு சோதனையாகத்தான் பட்டது. ஒருவர் நம்பினால் போதும், இலியாஸ் பிழைத்துக்கொள்வான். பந்தயத்தில் அவன் பக்கமும் நான் நியாயமாகத்தான் நடந்துகொண்டேன்.

வீடியோவிலிருந்து ஒன்றும் எடுக்கவில்லை. எட்டிப் பார்த்தபோது எடுத்த படம் ஒன்று இருந்தது. அதைப் போட்டு இப்படி எழுதினேன். "இலியாஸ் சந்திரகிரியில் பாறை இடுக்கில் விழுந்து கிடக்கிறார். மேற்குச் சரிவு, உச்சிக்குச் சற்றுக் கீழே, ஜோடிப் பாறைகளுக்கு நடுவில். கால் எலும்பு முறிந்துவிட்டது. தண்ணீர் இல்லை. யாராவது கயிறு எடுத்துக்கொண்டு உடனே போகவும்." ஒரு எழுத்து பொய் கிடையாது. எந்த ஆம்புலன்ஸ்காரருக்கும் இவ்வளவு தெளிவாக வழி சொல்லியிருக்க மாட்டேன்.

கடைக்கு வந்து சட்டையை மாற்றிக்கொண்டேன். ஒரு காதுகுத்து ஃப்ளெக்ஸ் பாக்கி இருந்தது, அதில் உட்கார்ந்தேன். போன் பக்கத்திலேயே இருந்தது. மேக்கப் பிரமாதம் என்றார்கள். தக்காளிச் சாஸ் எந்தக் கம்பெனி என்றார்கள். இந்த வெயிலில் மலையேறி நடித்த இலியாஸ் அண்ணனுக்கு ஒரு மோர் பார்சல் என்றார்கள். அவன் காலைப் பெரிதாக்கி, இவ்வளவு தத்ரூபமாக யார் செய்தது என்று ஒருவன் பாராட்டியிருந்தான். படிக்கப் படிக்க என் நெஞ்சு அடித்துக்கொண்டது. சந்தோஷத்தில் இல்லை. நான் சொல்லிவந்தது சரி என்று ஆகிறபோது வருகிற ஒரு படபடப்பு.

வெயில் தணிகிற நேரத்தில் அவன் மனைவி அஃப்ஷான் போன் செய்தாள். என்னை அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள்.

"இன்னா அண்ணா, பேஜ்ல இவரு ரத்தமா கெடக்குறாரு? ஊட்டுல இருந்த சாஸ் பாட்டில்தான அது?"

"சாஸ் இல்லம்மா. நெஜமாத்தான் விழுந்துட்டான். காலு ஒடஞ்சிட்டுது."

"ஆமா, ஒடையும் ஒடையும். போன மாசம் லாரில அடிபட்டுட்டாருன்னு போட்டீங்க. எங்கம்மா ஆம்பூர்லருந்து அழுதுக்கினே பஸ் ஏறிட்டாங்க. அவங்க பிரஷர் மாத்திரைய நீங்களா வாங்கித் தருவீங்க?"

"இது நெஜம்மா."

"சரி, அந்த நெஜமான ஆள வரும்போது ரெண்டு பாக்கெட் பால் வாங்கியாரச் சொல்லுங்க. போன வேற ஆஃப் பண்ணி வெச்சிருக்காரு."

"சொல்றேம்மா" என்றேன்.

அந்தப் பேச்சில் நான் சொன்ன பொய் அந்தக் கடைசி வார்த்தை ஒன்றுதான். மற்றதெல்லாம் உண்மை. என் குரலில் பதற்றம் இல்லை என்று அவள் உங்களிடம் சொல்லியிருக்கிறாள். பதற்றத்தோடு சொல்லியிருந்தால் இன்னும் நன்றாக நடிக்கிறேன் என்றுதான் சிரித்திருப்பாள். நாங்கள் பதறியும் பார்த்திருக்கிறோம், அதுவும் பழைய ஜோக்.

பால் வரவில்லை. விடிந்தும் புருஷன் வரவில்லை என்றதும் அவளுக்கு உறைத்தது. என்னைக் கூப்பிட்டாள், நான் குளித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் தலையில் முக்காடு நழுவியதுகூடத் தெரியாமல், தன் போனில் அழுதுகொண்டே நேரலையில் வந்துவிட்டாள். "எங்க ஊட்டுக்காரரக் காணோம், அல்லாவுக்காக யாராவது போயிப் பாருங்க" என்றாள். குடும்பமே நடிப்பில் பின்னுகிறார்கள் என்று அதன் கீழே எழுதியிருந்தார்கள். கண்ணில் நீர் வரச் சிரிக்கும் முகங்கள் அவள் முகத்தின் மீதே குமிழி குமிழியாக மிதந்து போனதைப் பார்த்தேன். அவள்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. பாவமாக இருந்தது.

அவளும் அவள் தம்பியும் கடைக்கு ஓடி வந்தார்கள். "அண்ணா, உங்க நைனா மேல சத்தியமா சொல்லுங்க, அவரு எங்க?" என்றாள். "நேத்தே சொன்னேனேம்மா" என்று பதிவைக் காட்டினேன். அவள் அதை முதல் தடவை படிப்பது போலப் படித்தாள். மேற்குச் சரிவு, ஜோடிப் பாறை என்று வாய்க்குள் முணுமுணுத்தாள். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதற்கு என்ன அர்த்தம் என்று எழுத எனக்கு வரவில்லை. தம்பி அவளை இழுத்துக்கொண்டு ஓடினான்.

வழியில் அவர்களுக்கு ஒரு குழப்பமும் இல்லை. நேராகப் போய்ச் சேர்ந்தார்கள். அவன் கை, பாட்டில் மாட்டியிருந்த இடுக்கின் பக்கமாக நீண்டிருந்தது என்றார்கள். முந்தைய நாள் இருட்டுவதற்குள் தூக்கியிருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் சொன்னதாக நீங்கள்தான் சொன்னீர்கள். நான் அதை நம்புகிறேன். டாக்டர் தமாஷுக்குச் சொல்லியிருக்க மாட்டார்.

ஆக, இரண்டாவது கேள்விக்குப் பதில் இதுதான். அவன் கிடக்கிற இடம் ஊருக்கே தெரியும். நான் ஒளிக்கவில்லை, மறைக்கவில்லை. கொலை செய்கிறவன் இடத்தைக் குறிப்பிட்டு, கயிறு எடுத்துப் போகச் சொல்லி, படத்தோடு ஊரைக் கூட்டுவானா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். போகாதவர்கள் அத்தனை பேர் பெயரும் பதிவின் கீழே இருக்கிறது. என்னைப் பிடித்தால் அவர்களையும் பிடிக்க வேண்டும்.

நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்டும் நான் வாய் திறக்காத விஷயம் ஒன்று மிச்சம் இருக்கிறது. பதிவின் கீழே ஓர் இடத்தில் ஏதோ அழிக்கப்பட்டிருக்கிறது, அது என்ன என்று கேட்டீர்கள். பேஜ் நடத்த இடம் கொடுக்கிற கம்பெனிக்கு எழுதிக் கேட்டிருப்பதாகவும் சொன்னீர்கள். எப்படியும் வந்துவிடும். நானே சொல்லிவிடுகிறேன்.

பதிவு போட்டுக் கொஞ்ச நேரத்தில், சிரிப்புகளுக்கு நடுவே, பொன்னுசாமி என்று ஒருவர் எழுதியிருந்தார். யாரென்று எனக்குத் தெரியாது. படத்துக்குப் பதில் ஒரு முருகர் படம் வைத்திருந்தார். "தம்பி இது நெஜமா. நான் சந்திரகிரி அடிவாரத்துலதான் ஆடு ஓட்டிக்கினு இருக்கேன். கயிறு இருக்குது. ஏறிப் பாக்கட்டுமா" என்று கேட்டிருந்தார்.

அப்போது நல்ல வெளிச்சம் இருந்தது. நான் காதுகுத்துப் பிள்ளையின் பெயரை அடித்துக்கொண்டிருந்தேன். கையை நிறுத்திவிட்டு அந்த வரியைப் படித்தேன். மறுபடி படித்தேன். பிறகு அதன் கீழே, கண்ணில் நீர் வரச் சிரிக்கும் முகத்தை வைத்தேன். ஒன்றே ஒன்றுதான் வைத்தேன். வார்த்தை எதுவும் எழுதவில்லை.

"ஓ தமாஷா. பயந்தே பூட்டேன் தம்பி" என்று அவர் எழுதி, ஒரு கும்பிடும் போட்டார். ஆடுகளை ஓட்டிக்கொண்டு போயிருப்பார். மறுநாள் காலை அஃப்ஷான் கடைக்கு வருவதற்கு முன் அவர் எழுதியதையும் நான் வைத்ததையும் அழித்தேன்.

ஒருவராவது நம்ப வேண்டும் என்றுதானே இருந்தாய் என்று கேட்பீர்கள். இருந்தேன், மேடம். ஆனால் அத்தனை பேர் சிரித்துக்கொண்டிருக்கிற இடத்தில் முன்பின் தெரியாத ஒருவர் வந்து, ஏறிப் பார்க்கட்டுமா என்று கேட்டால், அவர் நிஜமாகத்தான் கேட்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்?